மிரட்டாமல் பழக்குதல்: மஸ்டாங் குதிரையோடு முதல் சில மாதங்கள்

காட்டுக் குதிரையைப் பழக்குவதில் நேரும் பெரிய தவறுகள் பலவும் குதிரை தன்னை ஏற்றிவந்த வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. வேலி தாழ்வாக இருக்கும், தண்ணீர்த் தொட்டி சரியாக இருக்காது, வீட்டில் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் திரியும் மஸ்டாங் குதிரைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மனிதக் கை படாமல் வளர்ந்த எந்தக் குதிரைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மஸ்டாங் குதிரைகளைக் காக்க அங்கே 1971இல் சட்டம் வந்தது. பெரும்பாலான மந்தைகளைக் கவனிப்பது பி.எல்.எம். எனப்படும் கூட்டரசின் நில மேலாண்மை அலுவலகம். நெவாடா, வயோமிங், ஓரிகன் உள்ளிட்ட 10 மாநிலங்களில் மந்தைகள் இருக்கின்றன. நிலம் தாங்காது என்று கணக்கிடும் இடங்களில், பெரும்பாலும் ஹெலிகாப்டரால் விரட்டிப் பிடித்து, பட்டிகளில் வைத்து, தத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் வாசலுக்கு வரும் குதிரை என்னென்ன பார்த்துவிட்டு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கூட்டத்திலிருந்து பிரிந்தது. குறுகலான இரும்புச் சந்தில் நெருக்கி நிறுத்தி ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், கழுத்தின் இடப்பக்கம் உறைகுளிர் முத்திரை (கடுங்குளிரூட்டிய இரும்பால் இடும் அடையாளம்) பதித்தார்கள். மனிதர்களைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். முதலில் இந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். பழக்குவது அதற்கு அப்புறம்.

பழக்காத வளர்ந்த குதிரைக்கு வேலி 6 அடி உயரம், ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடி இடம் என்பது தத்தெடுப்பு விதி. இதில் சமரசம் கூடாது. 14 கை உயரமே உள்ள குதிரைகூட (ஒரு கை என்பது 4 அங்குலம்) மிரண்டால் 5 அடி வேலியைத் தாண்டப் பார்க்கும்; தாண்ட முடியாவிட்டால் வேலியில் விழும். முள்கம்பி அறவே வேண்டாம். கனமான இரும்புக் குழாய் வேலியே நல்லது. குழாய்களுக்கு நடுவில் குளம்பு நுழைந்து சிக்கும் இடைவெளி இருக்கிறதா, ஓரங்களில் கூரான முனை துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவியே பாருங்கள். வாயில் தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு சங்கிலியும் போடுங்கள்.

பழக்குவதற்கு 24 அடிக்கு 24 அடி அளவுள்ள பட்டி போதும். பெரிய மைதானமாக இருந்தால் நீங்கள் ஒரு பக்கம் வர, அது மறுபக்கம் ஓடும். ஓடுவதையே நன்றாகக் கற்றுக்கொள்ளும். மிகச் சிறிய பட்டியில் விலகிப் போக இடமில்லாமல் உதைக்கும். விலகிப் போகவும் இடம் வேண்டும், நீங்கள் இருப்பதை மறக்க முடியாத அளவுக்கு அருகிலும் இருக்க வேண்டும்.

வண்டியைப் பட்டி வாயிலோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி நிறுத்துங்கள். கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுங்கள். குச்சியால் தட்டுவது, கத்துவது எதுவும் வேண்டாம். அதுவே இறங்கும்.

தண்ணீர் அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இருக்கட்டும். தானாக நிரம்பும் தொட்டியின் சத்தத்தில் மிரண்டு, தாகத்தோடு நிற்கும் குதிரைகள் உண்டு. முதல் இரண்டு நாள் தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று அடையாளம் வைத்துப் பாருங்கள். தீனி, உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு உலர்புல். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ வரும். அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும், அதனால் வெறும் வயிற்றோடு நெடுநேரம் நிற்கக்கூடாது. குதிரைமசால் என்ற சத்து மிகுந்த தீவனத்தையும் தானியத்தையும் அன்பு மிகுதியில் அள்ளிப் போடாதீர்கள். திடீர் மாற்றம் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். தானியம் மிகுந்தால் குளம்பு அழற்சியும் வரும். கை வைக்க முடியாத குதிரைக்கு வைத்தியம் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தேவையில்லை. காரட், ஆப்பிள் எல்லாம் அதற்குத் தின்பண்டம் என்றே தெரியாது. தொடக்கத்தில் கையிலிருக்கும் உலர்புல்லே சிறந்த பரிசு.

பக்கத்துப் பட்டியில் சாதுவான ஒரு குதிரை நின்றால் வேலை பாதி குறையும். மனிதர் வரும்போது அந்தக் குதிரை தலைகூடத் தூக்காமல் மேய்வதைப் புதியது பார்த்துக்கொண்டே இருக்கும்.

எப்போது தொடங்கலாம்? ஒரு நம்பகமான அடையாளம் உண்டு. குதிரை நின்றுகொண்டே அரைத்தூக்கம் போடும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பயம் தெளியாத குதிரை படுக்காது. காலையில் பட்டிக்குப் போகும்போது அதன் விலாவிலும் தொடையிலும் மண் ஒட்டியிருக்கிறதா, பிடரியில் வைக்கோல் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இரவில் படுத்திருக்கிறது, அல்லது புரண்டாவது இருக்கிறது. இரண்டும் நல்ல சேதி. வேலிக்கு வெளியிலிருந்தே விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். சும்மா நிற்கும்போதே 30 என்றால், வெயிலோ காய்ச்சலோ காரணம் இல்லையென்றால், அது இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இனி, இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருவோம். நெருக்கடி கொடுப்பதால் குதிரை கற்பதில்லை. நெருக்கடி எந்தக் கணத்தில் நிற்கிறதோ, அந்தக் கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் கற்கிறது. நீங்கள் நெருங்கும்போது அது தலையை உதறி ஓடி, நீங்களும் பயந்து பின்வாங்கினால், ‘ஓடினால் மனிதன் போய்விடுவான்’ என்று பாடம் ஏறிவிடும். அது நின்று, ஒரு காதை உங்கள் பக்கம் திருப்பி, மூச்சை விட்ட நொடியில் நீங்கள் பின்வாங்கினால், ‘நின்றால் போய்விடுவான்’ என்று ஏறும். மீதி எல்லாமே இதன் விரிவுதான். முரட்டுக் குதிரை, சண்டிக் குதிரை என்று பெயர் வாங்கியவற்றில் பல, தவறான கணத்தில் கயிறு தளர்ந்ததால் அப்படி ஆனவை.

ஒவ்வொரு குதிரைக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. விலங்கு நடத்தை அறிஞர் டெம்பிள் கிராண்டின் போன்றோர் கால்நடைகளுக்குச் சொல்லும் ‘விலகும் வட்டம்’ இதுதான். வட்டத்துக்கு வெளியே நின்றால் உங்களைப் பார்க்கும், உள்ளே நுழைந்தால் நகரும். ஓரத்தில் நின்றால்தான் யோசிக்கும். அந்த ஓரம்தான் உங்கள் வகுப்பறை. யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக் குதிரைகளையோ கோடியக்கரைக் குதிரைகளையோ பார்க்கப் போகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். மேய்ந்துகொண்டிருந்த குதிரை தலையைத் தூக்கி மெல்லுவதை நிறுத்தினால், ஓரத்தைத் தொட்டுவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள், இரண்டடி பின்னே போங்கள், மறுபடி மேயும். (அவற்றைப் பிடிக்கவோ பழக்கவோ போகாதீர்கள். அவை அந்த மண்ணில் அப்படியே இருக்க வேண்டியவை.)

பட்டிக்குள் நுழைந்ததும் நேராகக் குதிரையை நோக்கி நடக்காதீர்கள். வளைந்து, அதன் தோளைக் குறிவைத்து நடங்கள். அதற்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும்தான் தெரியாது. அந்த இரண்டு இடத்திலும் நிற்காதீர்கள். பின்கால் உதை எல்லாருக்கும் தெரியும். காட்டுக் குதிரை முன்காலாலும் வீசி அடிக்கும், அது பலருக்குத் தெரியாது. கண்ணைக் கொட்டாமல் முறைத்துப் பார்ப்பதையும், பூனைபோலப் பதுங்கி நடப்பதையும் விடுங்கள். பதுங்கி வருவது வேட்டையாடும் விலங்கின் நடை. இயல்பாக நடங்கள், இயல்பாகப் பேசுங்கள்.

முதல் சில நாள் வேலை இவ்வளவுதான்: உள்ளே போய் ஓரத்தில் நிற்பது, அது உங்களைப் பார்த்ததும் திரும்பி நடப்பது. பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நிற்பதைவிட இது பல மடங்கு பலன் தரும். நாளாக நாளாக, நீங்கள் திரும்பி நடக்கையில் அது ஓரடி உங்கள் பின்னால் எடுத்து வைக்கும். அப்போது திரும்பிப் பார்த்துக் கையை நீட்டிவிடாதீர்கள். நடந்துகொண்டே போங்கள்.

முதல் தொடுகைக்கு மூங்கில் கழி நல்ல கருவி. ஓரிகனைச் சேர்ந்த ஜான் ஷார்ப் என்ற மூத்த குதிரைக்காரரால் மஸ்டாங் வளர்ப்பவர்களிடையே பரவிய முறை இது. 12 அடி நீளமுள்ள, எடை குறைந்த, கணு சீவிய கழி வேண்டும். குதிரையின் வட்டத்துக்கு வெளியே நீங்கள் நிற்க, கழியின் நுனி மட்டும் உள்ளே போகிறது. முதலில் தரையில் கிடத்தி மோந்து பார்க்க விடுங்கள். பிறகு மெல்ல உயர்த்தி, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் நுனியை வையுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும் இடம் அது. பிரான்சின் காமார்க் பகுதிக் குதிரைகளைக் கொண்டு 1993இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தப் பகுதியில் வருடிக் கொடுத்தபோது குதிரையின் இதயத் துடிப்பு இறங்கியது பதிவாகியிருக்கிறது. தோளிலோ வயிற்றிலோ தொடங்கியிருந்தால் இந்தப் பலன் கிடைக்காது. விலாவில் திடீரென ஏதாவது பட்டால் புலி பாய்ந்ததாகவே அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும்.

நுனி பட்டதும் குதிரை நகரும், நகரட்டும். கழியை வெடுக்கென்று இழுக்காமல், அதே மேட்டில் லேசாக ஒட்டியபடி கூடவே போங்கள். நின்ற கணத்தில் கழியை எடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை சீக்கிரம் நிற்கும். பிறகு வருடத் தொடங்குங்கள். இறகால் தடவுவதுபோல மென்மையாக வேண்டாம், ஈ உட்கார்ந்தது என்று தோலைச் சிலிர்க்கும்; சற்று அழுத்திச் சொறியுங்கள். சரியான இடத்தில் பட்டால் மேல் உதடு முன்னே நீண்டு, கோணலாகி, துடிக்கும். அந்த உதட்டைப் பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அங்கிருந்து முதுகு, இடுப்பு, கழுத்து. பிடியை ஓரடி ஓரடியாக முன்னே நகர்த்தி நீங்கள் நெருங்குங்கள். ஒரு நாள் கழியோடு உங்கள் விரலும் அந்த மேட்டில் படும். முகத்துக்கும் காதுக்கும் கடைசியில் போகலாம். இடப்பக்கம் செய்ததையெல்லாம் வலப்பக்கம் முதலிலிருந்து செய்ய வேண்டும். இதில் சலிப்படைந்து ஒரு பக்கத்தோடு விட்டுவிடுகிறவர்கள், பின்னாளில் வலப்பக்கமிருந்து யாராவது வந்தால் துள்ளும் குதிரையைத்தான் உண்டாக்குகிறார்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அசையாமல் நிற்கும் குதிரை எல்லாம் அமைதியான குதிரை அல்ல. பயம் எல்லை மீறினால் சில குதிரைகள் ஓடாமல் உறைந்துபோகும். கண் இமைக்காது, மேலிமைக்கு மேல் தோல் கூராக மடிந்திருக்கும், மூக்கும் தாடையும் இறுகியிருக்கும், வால் உடம்போடு ஒட்டியிருக்கும், மூச்சே தெரியாது. பழக்குகிறவர் ‘எவ்வளவு சாதுவாக நிற்கிறது’ என்று மகிழ்ந்து, உடம்பெல்லாம் தடவி, முதுகில் துணியும் போட்டுவிடுவார். பிறகு ஒரு நொடியில் வெடிக்கும். கூட நிற்பவர் நெஞ்செலும்பு உடைவது இப்படித்தான். சந்தேகம் வந்தால் நான்கடி பின்னே போய்க் காத்திருங்கள். அமைதியான குதிரை உங்களைப் பார்க்கும், கண்ணைச் சிமிட்டும், ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்கும். உறைந்த குதிரை அப்படியே நின்று, சற்று நேரம் கழித்துத்தான் பெருமூச்சு விட்டு வாயை மெல்லும். அந்த மெல்லுதலைப் பார்த்து ‘ஒப்புக்கொண்டது’ என்று சொல்வது வழக்கம். எங்கள் கருத்து வேறு. பதற்றம் இறங்குவதன் அடையாளம் அது. அதாவது, சற்று முன்பு வரை பதற்றம் இருந்தது என்பதன் அடையாளமும் அதுவே. அடிக்கடி தென்பட்டால் உங்கள் அடி பெரிதாக இருக்கிறது, சிறிதாக்குங்கள்.

இதே காரணத்தால்தான், வட்டப் பட்டியில் களைக்கும் வரை ஓடவிட்டுப் ‘பணிய’ வைப்பதையும், நடுக்கம்பத்தில் கட்டிவைத்துச் சாக்கால் அடித்துப் பயம் தெளிவிக்கும் பழைய முறையையும் நாங்கள் ஏற்பதில்லை. குதிரை நின்றுவிடும், உண்மைதான். கற்றுக்கொண்டு நிற்கவில்லை, கைவிட்டு நிற்கிறது. கம்பத்தை எதிர்த்து இழுத்துக் கழுத்து தசையும் எலும்பும் கெட்ட குதிரைகள் ஏராளம்.

தொட விடாத குதிரைக்கு இன்னொரு வழி, இலக்கைத் தொடப் பழக்குவது. நீங்கள் வேலிக்கு வெளியே நிற்கலாம், அதனால் பாதுகாப்பும் அதிகம். ஒரு குச்சியின் முனையில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி நீட்டுங்கள். ஆர்வத்தில் மூக்கை அருகே கொண்டுவந்தால், அந்தக் கணமே நாக்கால் ஒரு ‘டக்’ ஒலி, உடனே ஒரு பிடி புல். புல்லை உங்கள் உடம்பிலிருந்து தள்ளி, வேலிக்கு அடியில் வைத்த தட்டில் போடுங்கள். கையிலிருந்தும் பையிலிருந்தும் எடுக்கப் பழகினால் கடிக்கத் தொடங்கும். ‘டக்’ ஒலிக்கும் புல்லுக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு ‘டக்’குக்கும் தவறாமல் புல் வர வேண்டும், ஏமாற்றினால் ஒலியின் மதிப்பு போய்விடும். இது நிலைத்தபின் குதிரையை இங்கேயும் அங்கேயும் நடத்தவும், பின்னாளில் வண்டிக்குள் ஏற்றவும் இந்தப் பாட்டிலே போதும்.

தலைக்கயிறு மாட்டும்போது குதிரையின் முன்னே நிற்காமல் தோளோடு ஒட்டி நில்லுங்கள். முதலில் சுருட்டிய கயிற்றால் கழுத்தை வருடுங்கள். பிறகு கயிறு கழுத்தின் மேலே போய் விழட்டும், எடுத்துவிடுங்கள், மறுபடி போடுங்கள். தலைக்கயிற்றில் மூக்கு நுழையும் வளையத்தை அகலமாக விரித்துப் பிடித்து, அதன் வழியே உலர்புல்லைக் காட்டுங்கள். மூக்கை அதுவே நுழைக்கட்டும். நுழைத்தால் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அதற்கு இருக்கட்டும். பல முறை நுழைத்து எடுத்த பிறகுதான் காதுக்குப் பின்னால் கொக்கியை மாட்ட வேண்டும். தத்தெடுக்கும் இடத்திலேயே தலைக்கயிறு மாட்டி அனுப்பச் சொல்லி, நீளக் கயிற்றை இழுபடவிட்டு, அதைத் தானே மிதித்துப் பணியக் கற்கும் என்று விடுகிறவர்கள் உண்டு. நல்ல கைகளில் அது வேலை செய்யும். ஆனால் கண்காணிப்பு இல்லாமல் விட்டால் வேலியில் சிக்கும். வளரும் குட்டிக்கு மாட்டியதைக் கழற்ற முடியாமல் மாதக்கணக்கில் விட்டால், பட்டை சதைக்குள் புதைந்துவிடும்.

நடத்தும்போது நேர் முன்னே நின்று இழுக்காதீர்கள். இழுபறியில் 400 கிலோதான் ஜெயிக்கும். தோளுக்குப் பக்கவாட்டில் நின்று, கயிற்றை மெல்ல இறுக்கிப் பிடித்தபடி இருங்கள். காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்றில்லை. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாலே கயிற்றைத் தளர்த்துங்கள். அடுத்த முறை ஓரடி வரும். பக்கவாட்டுத் திருப்பம் கைவந்தால் நேர்நடை தானே வரும்.

பலர் தள்ளிப்போடும் பாடம் குளம்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டியிருக்கும், அந்தக் கெடுவை மனதில் வைத்துத் தொடங்குங்கள். கையை நேரே காலுக்குக் கொண்டுபோகாமல், தோளிலிருந்து கீழே வருடிக்கொண்டே முழங்கால் வரை போய்த் திரும்புங்கள். பின்காலுக்கு முதலில் கழியும், பிறகு மென்மையான பருத்திக் கயிறும். கயிற்றைக் கணுக்காலில் ஒரு சுற்று போட்டு, முடிச்சு இல்லாமல், தள்ளி நின்று லேசாகத் தூக்குங்கள். உதறும், உதறும்போது விடாதீர்கள், இறுக்கவும் செய்யாதீர்கள், கூடவே போங்கள். கால் தளர்ந்த கணத்தில் கீழே விடுங்கள். ஒரு நொடி, பிறகு மூன்று நொடி, பிறகு பத்து. நீங்களே தூக்கி, குளம்பைக் கழுவி, உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டி, அது புல் மென்றுகொண்டு நிற்கிறது என்றால் லாடக்காரரைக் கூப்பிடலாம். முதல் தடவை அவர் வந்து சும்மா வருடிவிட்டு மட்டும் போகட்டும், அதற்கும் கூலி கொடுங்கள். இரண்டாம் தடவை முன்கால்கள் இரண்டு போதும்.

வண்டி ஏற்றத்தில் குதிரையின் கண்ணை மறந்துவிடுகிறார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் அதன் கண் பழக நம்மைவிட நெடுநேரம் பிடிக்கும். நண்பகல் வெயிலில் இருண்ட வண்டியின் முன் நிறுத்தினால் குகை வாயில் போலத்தான் தெரியும். வண்டியின் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து வெளிச்சம் வரவிடுங்கள், அல்லது மாலையில் செய்யுங்கள். உள்ளே போனதும் கதவைச் சாத்தாதீர்கள். போய்ப் போய் வெளியே வரப் பழகட்டும்.

எவ்வளவு நாளாகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். டெக்சாஸில் 2007இல் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் மஸ்டாங் மேக்ஓவர் போட்டியில், தொடாத குதிரையை ஏறக்குறைய 100 நாளில் சவாரிக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். கைதேர்ந்தவர்கள், நாள் முழுக்க அதே வேலை. வீட்டில் ஒரு குதிரையோடு இருப்பவர் அந்தக் கணக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மூன்றாம் நாளே தொடவிடும் குதிரையும் உண்டு, மூன்று மாதம் எடுப்பதும் உண்டு. இளங்குதிரை சீக்கிரம் வரும் என்பார்கள்; வயதான பெண் குதிரை மெதுவாக வந்தாலும், வந்தபின் நிலையாக நிற்கும். பி.எல்.எம். உரிமைப் பத்திரம் தருவதே ஓராண்டு கழித்துத்தான். அந்த ஓராண்டில் தலைக்கயிறு, நடை, நான்கு குளம்பு, வண்டி, ஊசிக்கு நிற்பது ஆகிய ஐந்தும் கைவந்தால் போதும், சேணத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.